பைமாவின் அம்மாவுக்கு ஒரு மருத்துவமனை

லம்ரியாவுக்கு முப்பத்தெட்டு வயது. இந்தோனேசியாவின் மேடான் நகரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அந்தப் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் அவளுக்கு அந்தப் பெயர். தேவாலயம், கல்யாண வீடு, குலக் கூட்டம் என்று வேறு எங்கே போனாலும் அவள் பைமாவின் அம்மா. அவள் புருஷன் மங்காசி, பைமாவின் அப்பா. பைமா என்று ஒரு பிள்ளையே கிடையாது. அவர்கள் பாத்தா இனத்தார்; அந்த இனத்தில் கல்யாணமானவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு. தலைப்பிள்ளையின் பெயரை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். பிள்ளை பிறக்கவில்லை என்றால் சும்மா விட்டுவிடுவார்களா? பைமா என்றால் காத்திருப்பு. காத்திருப்பின் அம்மா, காத்திருப்பின் அப்பா என்று பெரியவர்களாகக் கூடிப் பெயர் சூட்டிவிடுவார்கள். ஆசீர்வாதமாகத்தான் சூட்டுகிறார்கள். அதை ஒன்பது வருடமாகக் காதில் வாங்கிக்கொண்டிருப்பவளைக் கேட்டால்தான் அந்த ஆசீர்வாதத்தின் லட்சணம் தெரியும்.

அவளுடைய அப்பா அம்மாவும் தங்கள் பங்குக்குச் செய்யாமல் இல்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டார் மஞ்சள் மசாலாவில் வேகவைத்த முழுக் கெண்டை மீனைக் கொண்டுவந்து ஊட்டி, தோளில் துண்டு போர்த்தி வாழ்த்தினால் வயிறு திறக்கும் என்பது வழக்கம். மூன்று முறை தங்கள் ஊரான சிடிகாலாங்கிலிருந்து பஸ் ஏறி, மீனோடு வந்தார்கள். மூன்று முறையும் லம்ரியா முள்ளைக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். கெண்டை மீனைப் பார்த்தாலே இப்போது அவளுக்குக் குமட்டும்.

பிறகு மருத்துவம். கடல் தாண்டி பினாங்குக்குப் போய் வைத்தியம் பார்ப்பது மேடான்காரர்களுக்கு அடுத்த தெருவுக்குப் போவது மாதிரி. எந்த மருத்துவமனை என்பதை மங்காசியின் அக்கா ரூஸ்மினா முடிவு செய்தாள். ரூஸ்மினா முடிவு செய்யாத காரியம் அந்த வீட்டில் எதுவும் இல்லை. அவளுடைய வீட்டுக்காரரின் தங்கை மகளுக்கு அங்கே இரட்டைக் குழந்தை பிறந்ததாம். அவ்வளவுதான் ஆராய்ச்சி. மீன் வாங்கும்போதாவது செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். படிவத்தை நிரப்பியதும், டாக்டரிடம் பேசியதும், எந்த நாளில் வர வேண்டும் என்று கேட்டதும் எல்லாம் ரூஸ்மினாதான். லம்ரியாவின் வேலை படுத்துக்கொள்வது மட்டும்.

இரண்டு வருடம் படுத்தாள். கருமுட்டை வளர மாத்திரை தந்தார்கள். வயிற்றைச் சுற்றி ஊசி போட்டார்கள். சாயத்தை ஏற்றிக் கருக்குழாயைப் படம் பிடித்தார்கள். அன்று அவள் பல்லைக் கடித்ததில் கடைவாய்ப் பல் ஒன்று விண்டது. ஒரு பக்கம் லேசான அடைப்பு என்று சொல்லி, தொப்புளில் துளைபோட்டு அறுவை சிகிச்சையும் செய்தார்கள். மங்காசி ஒவ்வொரு முறையும் வெளியே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துரலாமே?" என்று அவள் பலமுறை கேட்டிருக்கிறாள்.

"டாக்டர் கேக்கலையே? கேட்டா எடுக்க மாட்டேனா?" என்பான்.

டாக்டர் கேட்கவில்லை என்பது உண்மைதான். அதுதான் அவளைக் குழப்பியது. எட்டு நிமிடத்துக்கு மேல் பேசாத மனிதர் அவர். படித்தவர், அவருக்குத் தெரியாதா என்று வாயை மூடிக்கொண்டாள். ஒருமுறை அவர், "கவலைப்படாதீங்க, ஒரு தடவ நடந்தது மறுபடியும் நடக்கும்" என்று தோளில் தட்டினார். எல்லாரிடமும் சொல்கிற சமாதானம் என்று நினைத்துக்கொண்டாள்.

போன மாதம் கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு புள்ளி ஒன்று. இப்போது புள்ளி ஒன்பது. கணக்கு டீச்சருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் இரண்டு வருடம் இப்படியே போனால் எடுக்க முட்டை இருக்காது. அன்று அவள் இரண்டு முடிவு எடுத்தாள். ஒன்று, அடுத்த மருத்துவமனையை அவளே தேடுவாள். இரண்டு, மங்காசிக்குச் சோதனை நடக்காமல் இனி அவள் உடம்பில் ஒரு ஊசிகூட இறங்காது.

அவள் வேறு மருத்துவமனை தேடும் சேதி எப்படியோ குலக் கூட்டத்துக்குப் போய்விட்டது. மாதம் ஒரு ஞாயிறு, தேவாலயம் முடிந்ததும் ஐம்பது பேர் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஜெபம் முடிந்து பன்றிக்கறியும் சோறும் வந்ததும் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள்.

"மலாக்காவுல ஒரு டாக்டரு இருக்காரு, பைமா அம்மா. கை வச்சாலே ஆம்பளப் புள்ளதான்."

"அதெல்லாம் வேணாம். பாங்காக்குக்குப் போங்க. என் கொழுந்தன் பொண்டாட்டி போனா, மூணு!"

"மூணா? இவங்களுக்கு ஒண்ணு போதும்யா, அந்த ரெண்ட நீங்க வளங்க."

சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஓயும் முன் ரூஸ்மினா சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றாள். "குழாய் அடைச்சிருந்துச்சு. என் தம்பி பாவம், எவ்ளோ செலவானாலும் பரவாயில்லன்னு ஆபரேஷன் பண்ணி வச்சான். இன்னும் வயிறு பிடிக்க மாட்டேங்குது. எல்லாரும் ஜெபம் பண்ணுங்க." ஐம்பது பேரும் லம்ரியாவின் வயிற்றைப் பார்த்தார்கள். மங்காசி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். லம்ரியாவுக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. கவிழ்க்கவில்லை. அதற்காகப் பிற்பாடு வருத்தப்பட்டாள்.

பள்ளி விடுமுறையில் மறுபடி பினாங்கு போனார்கள். ரூஸ்மினாவும் வந்தாள். வர வேண்டாம் என்று யார் சொல்வது? ஹோட்டலில் தனி அறை வீண் செலவு என்று அவர்களுடைய அறையிலேயே மூன்றாவது கட்டில் போட்டுக்கொண்டாள்.

முதலில் போன இடத்தில் சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள். உதட்டுச்சாயம் கலையாத ஒரு பெண் வழவழப்பான தாளை நீட்டி, "எங்க வெற்றி எழுபது சதவீதம்" என்றாள்.

"எந்த நூறு பேர்ல எழுபது?" என்று லம்ரியா கேட்டாள்.

"புரியலையே மேடம்."

"என் வயசுக்காரங்க நூறு பேரா? இருபத்தஞ்சு வயசுக்காரங்களும் அதுல உண்டா? ஊசி போட ஆரம்பிச்ச எல்லாரையும் எண்ணுனீங்களா, இல்ல கரு உருவாகி உள்ள வச்சவங்கள மட்டுமா? எழுபதுன்னா டெஸ்ட்ல ரெண்டு கோடு வந்ததா, புள்ளைய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனதா?"

அந்தப் பெண் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் குழந்தைப் படம்தான் இருந்தது.

"வகுப்புல நிக்க வச்சுக் கேள்வி கேக்கற மாதிரியா கேப்ப? நம்மளத் திமிரு புடிச்சவங்கன்னு நெனைக்கப் போறாங்க" என்று ரூஸ்மினா வெளியே வந்ததும் சீறினாள்.

"நெனைக்கட்டும் அண்ணி. எட்டாம் வகுப்புப் பசங்க இப்படி விடை எழுதினா முட்டைதான் போடுவேன்."

இரண்டாவது இடம் பழைய கட்டடம். லிஃப்ட் முனகியது. நோர்லைலா என்ற மூத்த நர்ஸ் மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்தி அவளுடைய கேள்விகளைக் கேட்டாள். ஒரு அட்டவணையை எடுத்து வைத்து, முப்பத்தெட்டு வயது வரிசையில் விரலை வைத்தாள். "ஆரம்பிச்ச நூறு பேர்ல இருபத்திரண்டு பேர் குழந்தையோட போனாங்க. எழுபத்தெட்டு பேர் போகல. இதுக்கு மேல சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்."

ஒன்பது வருடத்தில் யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. கெட்ட செய்திதான். ஆனாலும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"முதல்ல உங்க வீட்டுக்காரருக்கு விந்துப் பரிசோதனை. அது இல்லாம மனைவியத் தொட மாட்டோம். பழைய எடத்துல எடுத்தது இருக்குமே? அங்கேருந்து உங்க ஃபைலு வந்திருக்கு, பாக்கறேன்."

"அங்க எடுக்கவே இல்ல" என்றாள் லம்ரியா.

நோர்லைலா பக்கங்களைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்று, நிமிர்ந்து சிரித்தாள். "ஓ, அதனாலதான் எடுக்கல. மூத்தவன் எப்படியிருக்கான்? பைமா?"

லம்ரியா கையை நீட்டினாள். நோர்லைலா பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு வருடத்துக்கு முன் ரூஸ்மினா நிரப்பிய படிவம். தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் அந்நியரிடம் மொட்டையாகப் பெயர் சொல்ல மனம் வராமல், பெயருக்குப் பக்கத்திலேயே பைமாவின் அப்பா, பைமாவின் அம்மா என்று மரியாதையாக எழுதியிருந்தாள். பினாங்கில் யாருக்குத் தெரியும் இந்த வழக்கம்? அங்கே யாரோ அதைப் பார்த்து அதே பக்கத்தில் கீழே தட்டச்சு செய்திருந்தார்கள். குழந்தை ஒன்று, பெயர் பைமா. கணவருக்குக் குறையில்லை, சோதனை தேவையில்லை.

"ஐயோ, அது நம்ம வழக்கத்துல கூப்புடற பேருல்ல!" என்று ரூஸ்மினா கையை உதறினாள். "இத எவன் புள்ளன்னு எழுதுனான்? முட்டாப் பய!"

லம்ரியா அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே உள்ளவை அனைத்தும் படித்துப் பார்க்கப்பட்டன, சரி என்ற வரிக்குக் கீழே மங்காசியின் கையெழுத்து இருந்தது.

"அண்ணி, கொஞ்சம் வெளில இருங்க" என்றாள். இந்தக் குரலை ரூஸ்மினா இதற்கு முன் கேட்டதில்லை. போய்விட்டாள்.

"படிச்சீங்களா?"

மங்காசி தரையைப் பார்த்தான். "படிச்சேன்."

"குழந்தை ஒண்ணுன்னு எழுதியிருந்தத?"

"நானா எழுதுனேன்? அவங்க எழுதியிருந்தாங்க. திருத்தச் சொல்லலாம்னுதான்... திருத்துனா டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாங்க. எங்கப்பாவுக்கு நான் ஒரே ஆம்பளப் புள்ள, லம்ரியா. எங்கிட்ட இல்லன்னு வந்துட்டா எங்க வீட்டுப் பேரே அங்கேயே முடிஞ்சுது. பயமா இருந்துச்சு."

"பயம்! என் தொப்புள்ள ஓட்ட போட்டப்போ எனக்கு என்ன திருவிழாவா இருந்துச்சு?"

நோர்லைலா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். பாவம், அவளுக்கும் போக்கிடமில்லை. லம்ரியா மேசை மேலிருந்த பேனாவை எடுத்து அவன் கையில் திணித்தாள். புதுப் படிவத்தில் குழந்தைகள் என்ற கட்டத்தைக் காட்டினாள். அவன் பூஜ்யம் போட்டான். அது முட்டையாகக்கூட வரவில்லை.

"கடைசியா சேந்து மூணு நாள் ஆச்சா? அப்பத்தான் இன்னைக்கே எடுக்க முடியும்" என்று நோர்லைலா மெதுவாகக் கேட்டாள்.

"அவரு அக்கா எங்க ரூம்லதான் படுத்திருக்காங்க" என்றாள் லம்ரியா. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அவன் டப்பாவோடு போனான், வந்தான். இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். ஒரு மில்லிலிட்டரில் பதினாறு மில்லியன் உயிரணு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மில்லியன்தான் இருக்கிறது, நீந்துவது அதிலும் குறைவு. ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது, சில வாரம் கழித்து மறுபடி எடுக்கலாம். எப்படியானாலும் வழி இருக்கிறது: முட்டையை வெளியே எடுத்து, ஒவ்வொன்றிலும் ஓர் உயிரணுவை ஊசியால் செலுத்தும் முறை. அதற்கு இவருடைய இரண்டு மில்லியனே தாராளம், முட்டைதான் இனி... என்று சொல்லி, டாக்டர் நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா?" என்று லம்ரியா கேட்டாள்.

டாக்டர் அட்டவணையைத் தள்ளி வைத்தார். "வாய்ப்பு இன்னும் நல்லாவே இருந்திருக்கும்."

அவள் அழுதாள். துக்கமில்லை, சுத்தமான ஆத்திரம். மாத்திரை, ஊசி, விண்ட பல், துளை எல்லாம் ஆள் மாறிப்போய் அவள் உடம்பில் நடந்திருக்கின்றன.

கதவைத் திறந்ததும் ரூஸ்மினா ஓடிவந்தாள். "என்ன சொன்னாங்க? இவளுக்கு இன்னும் என்னவாம்?"

மங்காசி சுவரைப் பார்த்தான், லிஃப்டைப் பார்த்தான். இந்த ஒன்றையாவது அவன் சொல்லட்டும் என்று லம்ரியா நின்றாள்.

"கொறை எனக்குத்தான் அக்கா" என்றான் கடைசியில்.

ரூஸ்மினா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு லம்ரியாவின் கையைப் பிடித்துக் கிசுகிசுத்தாள். "சரி, நடந்தது நடந்துபோச்சு. இது நமக்குள்ளயே இருக்கட்டும்மா. ஆம்பள சமாச்சாரம். வெளிய தெரிஞ்சா அவன் எப்படித் தல நிமிர்ந்து நடப்பான்?"

லம்ரியா கையை உருவிக்கொண்டாள். "என் குழாய் அடைச்சிருக்குன்னு ஐம்பது பேரு சோறு திங்கற எடத்துல எழுந்து நின்னு சொன்னீங்களே அண்ணி. இதையும் அங்கயே சொல்லுங்க. அதே மாதிரி தட்டக் கையில வச்சுக்கிட்டு."

"அக்கா வேணாம், நானே சொல்றேன்" என்றான் மங்காசி. "வர்ற ஞாயித்துக்கெழம, கூட்டத்துல. சத்தியமா."

அவள் அவனை நம்பவில்லை. மறுபடி நம்ப இன்னும் ஒன்றிரண்டு வருடமாவது ஆகும் என்று தோன்றியது. அந்த வருடங்களைத்தான் அவன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே திரும்பிப் போய், முதல் ஊசி என்றைக்கு என்று நோர்லைலாவிடம் தேதி கேட்டாள்.