வாஞ்சூர் வரை சொன்னது

எங்கள் வீட்டில் கார் இருந்தது என்றால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. இருந்தது. ஓடிய நாட்களைவிட நின்ற நாட்கள் அதிகம், அவ்வளவுதான்.

காரைக்காலில் வேலை பார்த்த ஒரு பிரெஞ்சு இன்ஜினீயர் சொந்த ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. ஏழு பேர் உட்காரலாம். நெருக்கினால் பதினொரு பேர். சைகோனில் கடை வைத்திருந்த வாப்பா அனுப்பிய பணத்தில், அவருடைய தம்பியான எங்கள் சாச்சா அதை வாங்கினார். வீட்டுப் பெண்களுக்காகத்தான் வாங்கியது என்பதற்கு அடையாளமாக ஜன்னல்களுக்குப் பச்சைத் திரை போட்டார்.

அதன் நோய்கள் எனக்கு மனப்பாடம். ரேடியேட்டரில் ஓட்டை, சாச்சா மஞ்சள்தூளைக் கொட்டி அடைப்பார். பெட்ரோல் டாங்கியின் அடியில் கசிவு. அதற்குச் சோப்பைக் குழைத்து அப்புவார். பேட்டரி வெள்ளிக்கிழமைதோறும் சார்ஜ் ஏற்றக் கடைத்தெருவுக்குப் போகும். டயர் புதுச்சேரியிலிருந்து வர வேண்டும். அதன் மரைகளெல்லாம் பிரெஞ்சு அளவு. நாகப்பட்டினத்து மெக்கானிக்கின் அங்குல ஸ்பானர் எதுவும் அவற்றில் பொருந்தாது. வண்டியோடு வந்த ஒரு செட்டைச் சாச்சா துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுவார்.

"மீனுக்குப் போட மஞ்சள் இல்ல. ஒங்க சாச்சா வண்டிக்குக் கொழம்பு வைக்கிறாங்களா?" என்பாள் உம்மா.

"மச்சி, ஒருநாள் இல்ல ஒருநாள் இதுல ஏறிக் கீழ கால் வைக்காம நாகூர் போவீங்க. அன்னைக்குத் தெரியும் இதோட அருமை" என்று அண்ணியிடம் சொல்வார் சாச்சா.

நாகூரில் உம்மா 'லாத்தா' என்று கூப்பிடும் அவளுடைய அக்கா இருந்தார், எங்கள் பெரியம்மா. இடையில் பத்து மைல்கூட இல்லை. ஆனால் வாஞ்சூரில் எல்லைச் சாவடி இருந்தது. பிரெஞ்சுப் பகுதியிலிருந்து போகிறவர்கள் அங்கே இறங்கி, மூட்டை முடிச்சை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். ஒருமுறை உதறிக் காட்டிவிட்டு வந்த உம்மா அதற்கப்புறம் போகவில்லை. மூன்று வருஷம். காருக்கும் எல்லை தாண்ட அனுமதி கிடையாது. ஆகவே அது நன்றாக ஓடிய காலத்தில் காரைக்காலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. ஓர் ஐப்பசியில் பிரெஞ்சு ஆட்சி போய்ச் சாவடியும் எடுபட்டபோது, ரேடியேட்டருக்கு முன்னால் சுழலும் விசிறியின் பெல்ட் நைந்துவிட்டிருந்தது. புது பெல்ட் கேட்டு வாப்பாவுக்கு எழுதிப் போட்டிருந்தார் சாச்சா.

பெல்ட் வருமுன்னே, தை மாதத்தில் பெரியம்மாவின் கடிதம் வந்தது. பினாங்கில் இருந்த பெரியப்பா அவரையும் அங்கேயே அழைத்துப் போகிறார். நாகூர் வீட்டைக் கொடுத்தாகிவிட்டது. மறுநாள் பதினொரு மணிக்கு நாகப்பட்டினம் துறைமுகத்தில் படகு ஏற வேண்டும். உம்மா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"தம்பி, வண்டி போய்ச் சேந்துடுமா?"

"பெல்ட்டுதான் மச்சி யோசனை. அல்லா காப்பாத்துவான்."

காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பினோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. எதையும் வரிசையாகச் சொல்லும் பிள்ளை என்று வீட்டில் எனக்குப் பெயர். நடுவில் யாராவது குறுக்கிட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். சாச்சா அதற்காகவே என்னை முன் சீட்டில் உட்கார வைத்து, "கணக்குப்புள்ள, எங்கெங்க நின்னோம்னு ஞாபகம் வச்சுக்க. ஒங்க வாப்பாவுக்கு எழுதணும்" என்றார். உம்மா தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துப்பட்டி போர்த்திப் பின்னால் திரைக்குள் இருந்தாள். மடியில் பெரியம்மாவுக்குப் பிடித்த வட்டிலப்பம், தூக்குப் பாத்திரத்தில்.

வாஞ்சூருக்குச் சற்று முன்னால் பெல்ட் அறுந்தது. ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு மஞ்சள் தண்ணீர் கொதித்துப் பாய்ந்தது. சாச்சா தம் தோள்துண்டைக் கிழித்து முறுக்கிக் கட்டினார்; நூறடி போவதற்குள் நார் நாராகிவிட்டது.

"கெட்டித் துணியா இருந்தா தாங்கும்" என்று சொல்லிவிட்டுச் சாச்சா வேறெங்கோ பார்த்தார்.

திரைக்குள்ளே துணி கிழியும் சத்தம் கேட்டது. வெள்ளை நிறத்தில் ஒரு நீளமான பட்டை என் கைக்கு வந்தது. அது நாகூர் தர்கா அலங்கார வாசல் வரை தாங்கியது. இரண்டாவது பட்டை ரயில்வே கேட் வரை. மூன்றாவது பட்டையில் துறைமுகத்துக்கே வந்துவிட்டோம். மணி பத்து ஐம்பது.

கொட்டகை வாசலில் பெரியம்மா நின்றுகொண்டிருந்தார். எங்கள் வண்டியிலிருந்து அறுபது காலடி இருக்கும், அதற்குமேல் வண்டி போக வழியில்லை. ஆனால் உம்மாவிடம் மிஞ்சியிருந்த துப்பட்டி தோளுக்குக் கீழே இறங்கவில்லை. அத்தனை ஆண்கள் நடுவில் அவள் இறங்குவது என்ற பேச்சே கிடையாது. சாச்சாவாலும் இறங்க முடியாது. பேட்டரி செத்திருந்தது, வழியில் நின்ற இடமெல்லாம் ஆள் பிடித்துத் தள்ளித்தான் கிளப்பியிருந்தோம்; ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் நின்றுவிடும்.

உம்மா தூக்குப் பாத்திரத்தை என்னிடம் கொடுத்தாள். "ஓடு. நான் வண்டியிலதான் இருக்கேன்னு லாத்தாகிட்ட சொல்லு. இங்க கூட்டிட்டு வா."

ஓடினேன். பெரியம்மா என்னை அணைத்துக்கொண்டு, "வந்துட்டியாடி என் கண்ணு! உம்மா எங்க?" என்றார்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பியதை. ராத்திரியே சாச்சா மஞ்சள்தூள் போட்டு வைத்ததை. வாஞ்சூர் கிட்டே பெல்ட் அறுந்ததை, தண்ணீர் மஞ்சளாகப் பீய்ச்சியடித்ததை.

"அடியே, அதெல்லாம் இருக்கட்டும். உம்மா வந்தாளா?"

"சொல்றேன் பெரியம்மா" என்று மறுபடியும் ஏழே முக்காலிலிருந்து தொடங்கினேன்.

இரண்டாம் முறையும் வாஞ்சூருக்கு வந்து சேர்ந்தபோது, "பொம்பளைங்க எல்லாம் படகுக்கு வாங்க!" என்று யாரோ கூவினார்கள். உள்ளேயிருந்து பெரியப்பாவும் கைதட்டிக் கூப்பிட்டார். பெரியம்மா என் இரண்டு கன்னத்தையும் வழித்து முத்தமிட்டார்.

"வாஞ்சூரோட நின்னுட்டாளா அவ? சரி. என்னத்தச் செய்ய. பெரியம்மா ரொம்ப நேரம் நின்னு பாத்தேன்னு சொல்லு" என்றார். தூக்குப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, கூட்டத்தோடு உள்ளே போனார். வண்டி நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

இன்னும் மூன்று பட்டைகளும் ரயில்வே கேட்டும்தான் பாக்கி. முடிக்க விடவில்லையே என்று எனக்கு வருத்தம்.

நான் திரும்பி வந்தபோது திரை ஒரு விரல் அளவு விலகியிருந்தது.

"சொன்னியா?"

"சொல்லிட்டே இருந்தேன் உம்மா. வாஞ்சூர் வந்தப்போ கூப்பிட்டுட்டாங்க."

சாச்சாதான், "புள்ளையத் திட்டாதீங்க மச்சி" என்றார், அவள் திட்டாமலிருந்தும்.

படகுகள் தூரத்தில் நின்ற கப்பலைப் போய்ச் சேரும்வரை அங்கேயே நின்றோம். சாச்சா காலை எடுக்கவில்லை. பெட்ரோல் வீணாகிறது என்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் பெல்ட் மறுபடி அறுந்தது. கேட்காமலே மிச்சத் துப்பட்டி முழுவதும் முன்னால் வந்து விழுந்தது. அது வீடுவரை தாங்கியது. ஐந்து இடத்தில் நின்றோம், மூன்று குடம் தண்ணீர் ஊற்றினோம் என்று அன்றே வாப்பாவுக்கு எழுதினேன். அவர் அனுப்பிய பெல்ட் பங்குனியில் வந்தது. பெரியம்மா வரவில்லை, அவர் பினாங்கிலேயே மௌத்தாகிவிட்டார்.

வாப்பாவுக்கு எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. வீடு திரும்பும்போது, நாகூரைத் தாண்டியதும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தேன். தலையில் துப்பட்டி இல்லாமல், கடல் பக்கத்துத் திரையை முழுக்க ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள் உம்மா. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர்கூட உள்ளே பார்த்துவிட்டுப் போனார். இன்ஜின் சூடு பின்னால்வரை வருகிறது போலிருக்கிறது, உம்மாவுக்குப் புழுங்குகிறது என்று நினைத்து, சீட்டின்மேல் எக்கி மற்றப் பக்கத்துத் திரையையும் நானே ஒதுக்கிவிட்டேன்.