சிலிபினில் கம்போடியச் சாப்பாடு

ரப்பர் விலை விழுந்ததில் எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்கு வேலை போய்விட்டது. தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த என் அப்பாவுக்கும் போய்விட்டது. கம்போடியாவில் புனோம் பென் என்ற நகரத்தில் என் சித்தப்பா ஒரு பிரெஞ்சுக்காரர் கிடங்கில் இருக்கிறார். அப்பாவுக்கும் அங்கே இடம் பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தார். எத்தனை பேர் வருகிறோம் என்று திங்கட்கிழமை பதில் போடவேண்டும்.

அம்மா வரமாட்டேன் என்றாள். "அழுவுன மீனத் திங்கிற ஊராம். அங்க கொண்டுபோயி எம் புள்ளைங்களப் பட்டினி போட மாட்டேன்" என்பது அவள் பேச்சு. அப்பா சிங்கப்பூரில் கப்பலேறி சைகோன் வழியாகப் போகட்டும், நானும் இரண்டு தம்பிகளும் அவளோடு பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினம் போய்விடலாம் என்று முடிவு சொல்லிவிட்டாள். ஒரு வீட்டுக்கு இரண்டு கப்பல். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சாப்பாட்டை யாராவது ஒருத்தர் சாப்பிட்டுப் பார்த்துச் சொன்னால்தானே தெரியும்? நேற்று சனிக்கிழமை நானே ஈப்போவுக்குப் போய்வந்தேன். தையல் வகுப்புக்கு நூல் வாங்க சிம்பாங் பூலாய்ச் சந்திக்குப் போவதாக வீட்டில் சொன்னேன். நம் வகுப்பில் இன்னும் மூன்று வீட்டார் அந்தப் பக்கம் போகப் பேசிக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு இந்த நோட்டை அடுத்தவளிடம் கொடுங்கள், பெரியவர்கள் கையில் கொடுக்காதீர்கள். எல்லோரும் தூங்கியபின் விளக்கைச் சின்னதாக வைத்து எழுதுவதால் எழுத்துக் கோணலாக இருக்கும். என்னை ஏற்றிப்போன வண்டிக்காரர் பெயரையும் மாற்றியிருக்கிறேன். கண்டுபிடித்தாலும் சொல்லாதீர்கள்.

காலை ஏழு மணிக்குத் தோட்டத்திலிருந்து சந்திக்கு ரப்பர் ஷீட் ஏற்றிப்போகும் மாட்டுவண்டியில் ஏறினேன். மூன்று மைல், ஒரு மணி நேரம், காசு கிடையாது. ஈப்போவில் சிலிபின் என்ற இடத்தில் ஒரு காரைக்கால்காரர் கம்போடியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து சாப்பாடு போடுகிறார் என்று எனக்குச் சொன்னதே வண்டிக்கார மாரியண்ணேதான்.

"ஒங்கப்பா கேட்டா நான் ஒன்னப் பாக்கல தங்கச்சி. மாடுதான் பாத்துச்சு. மாட்டத்தான் கேக்கணும்" என்றார்.

"எத்தன மணிக்குத் திரும்புவீங்கண்ணே?"

"மூணரைக்கு. நீ வரலன்னா மாடு கெளம்பிரும். நான் சொன்னாலும் நிக்காது லா."

சந்தியில் எட்டேகாலுக்கு மோட்டார் பஸ். ஈப்போ ஏழு மைல், பதினைந்து காசு. வழியில் கோழிக்கூடை ஏற்ற நின்று நின்று போனதால் ஒன்பது மணி ஆயிற்று. இடது பக்கம் உட்காராதீர்கள், செம்மண் புழுதி முழுக்க அந்தப் பக்கம்தான் வருகிறது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து பாலத்தைத் தாண்டி, ரயில் ஸ்டேஷன் தாண்டி, கேட்டுக் கேட்டு நடந்தால் சிலிபின் இரண்டு மைல். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வெள்ளை வேட்டியும் அப்பாவாகத் தெரிந்தது.

கடைக்குப் பலகை கிடையாது. தகரக் கூரை போட்ட வீடு, முன்னால் இரண்டு பெஞ்சு, வாசலில் ஒரு பெரிய உரல். சனி, ஞாயிறு மட்டும் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. அந்த அம்மாவின் பெயர் சொக்கா. அக்கம்பக்கத்தார் சொக்கம்மா ஆக்கிவிட்டார்கள். கணவர் சவரிமுத்து, புனோம் பென்னில் ஒரு பிரெஞ்சுக் கடைக்குக் காவலாக இருந்தவர்.

முதலில் வந்தது நொம் பன்சொக். பார்த்தால் நம் இடியாப்பம்தான், நூல் மட்டும் வழுவழுப்பு. மேலே மீனும் தேங்காய்ப்பாலும் செராய் என்ற வாசனைப் புல்லும் சேர்த்த பச்சைக் குழம்பு, அதன்மேல் பச்சையாக வெள்ளரிக்காய். பிறகு சோறும் சம்லோ மச்சூவும். புளி, அன்னாசி, கங்கோங் கீரை, ஆற்றுமீன் போட்ட சாறு அது. அதைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறார்கள். நான் மொத்தத்தையும் சோற்றில் கவிழ்த்துப் பிசைந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சீனர் வாயைத் துடைக்கிற மாதிரி சிரிப்பை மறைத்தார். கரண்டி கரண்டியாகக் கொஞ்சம்தான் ஊற்றிக்கொள்ள வேண்டுமாம். காரம் குறைவு, மிளகாய் தனியாக வைத்திருக்கிறார்கள்.

அழுகின மீன் எங்கே என்று கேட்கத்தான் வந்தேன், கேட்க வாய் வரவில்லை. சவரிமுத்து மாமா தானாகவே ஒரு ஜாடியைத் திறந்து காட்டினார். பிரஹொக் என்று பெயர், உப்புப் போட்டுப் புளிக்கவைத்த மீன். மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அதே சமயம் எங்கள் வீட்டில் இறாலைப் புளிக்கவைத்த பிலாச்சான் டப்பா ஞாபகம் வந்தது. நாற்றத்தில் இரண்டும் அக்கா தங்கைதான். நான் சாப்பிட்ட குழம்பில் அது இருந்ததாம், எனக்குத் தெரியவே இல்லை.

பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டேன். சொக்கா அக்கா மறுபடி நிரப்பினார். அதையும் முடித்தேன், மறுபடி நிரப்பினார். மூன்றாவது தடவை மூச்சு முட்டியது.

"கொஞ்சம் மிச்சம் வை பாப்பா" என்றார் சவரிமுத்து மாமா. "வழிச்சுத் தின்னா இன்னும் வேணும்னு அர்த்தம் அவங்க ஊருல. நீ வழிக்க வழிக்க இவ போட்டுக்கிட்டேதான் இருப்பா."

வந்த காரணத்தை அப்போதுதான் சொன்னேன், இரண்டு கப்பல் விஷயத்தையும். சொக்கா அக்கா உரலில் மஞ்சளும் செராயும் இடித்துக்கொண்டே கேட்டார். அவர் தமிழ் மெதுவாக வரும்.

"நானும் அழுதேன். கல்யாணமாகி மொதல்ல காரைக்கால் போனோம். மாமியா ரசம் ஊத்துனாங்க. நம்ம சம்லோ மாதிரி புளிப்பு. மீனு அடியில இருக்கும்னு கரண்டி விட்டுத் தேடுனேன். என்னம்மா தேடுறேன்னு கேட்டாங்க."

"இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கா" என்றார் மாமா.

"அரிசி இருக்கு, மீன் இருக்கு, புளி, தேங்கா, மஞ்சள் எல்லாம் இருக்கு எங்க ஊருல. கருவேப்பிலதான் இல்ல. அம்மாகிட்ட சொல்லு."

சொன்னால் நம்ப மாட்டாள், கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்றேன். அமொக் மூன்று கட்டிக் கொடுத்தார். மசாலாவும் தேங்காய்ப்பாலும் கலந்த மீனை வாழையிலைக் கிண்ணத்தில் வைத்து ஆவியில் வேகவைப்பது அது, இறுகியிருப்பதால் வழியில் சிந்தாது. எனக்கான சாப்பாட்டுக்கு இருபது காசு, அமொக் ஒன்று எட்டுக் காசு. "காரைக்கால் பலகாரம்னு சொல்லிக் குடு, மொதல்ல திங்கட்டும்" என்று மாமா யோசனை சொன்னார். மார்க்கெட் பக்கம் புனோம் பென்னில் இருந்த சீனர் ஒருவர் குய்தியூ என்ற சூப்பு நூடுல் விற்கிறாராம். என்னிடம் பஸ்ஸுக்கு மட்டும்தான் மிச்சம் இருந்தது. சாப்பிடுகிறவர்கள் இந்த நோட்டிலேயே எழுதுங்கள்.

இரண்டு மணி பஸ் குனோங் ராப்பாட் தாண்டி டயர் வெடித்து நின்றது. சந்தியில் இறங்கும்போது மணி நாலு. தோட்டம்வரை மூன்று மைலும் தனியாக நடந்தால், பார்த்தவர்கள் வீட்டில் சொல்லிவிடுவார்கள். மடியில் இருந்த பொட்டலத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, வழக்கமாக வண்டி அவிழ்க்கும் மரத்தடிக்கு ஓடினேன். வண்டி இன்னும் கிளம்பாமல் நின்றது.

"மாடு வரமாட்டேன்னுருச்சு" என்றார் மாரியண்ணே, என்னைப் பார்க்காமலே.

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவுக்கு ஒன்று, தம்பிகளுக்கு ஒன்று வைத்தேன். அப்பா சாப்பிட்டுவிட்டு முன்னறைக்குப் போனார். கடைசியில் அடுப்படியில் உட்கார்ந்த அம்மாவுக்கு மூன்றாவதை வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"யாரு செஞ்சது?"

"சந்தியில ஒரு காரைக்கால் அம்மா."

இன்னொரு வாய் எடுத்தாள். "எந்தக் காரைக்கால்காரி மீனுக்குச் செராய் போடுறா?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஊருக்காரியா?"

"ஆமா."

"ஈப்போவுக்கா போன?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஒங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத." கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "தமிழ் பேசுறாளா?" என்றாள்.

"பேசுறாங்க. ரசத்துல மீன் தேடுனாங்களாம்."

அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. சிரித்து முடித்துத் தண்ணீர் குடித்தாள். "அம்மி இல்லையா அவகிட்ட?"

"ஒரல்லதான் இடிக்கிறாங்க."

"அதான் திப்பி திப்பியா இருக்கு. இத அரைக்கணும்." பிறகு அடுப்பைப் பார்த்தபடி, "அம்மியத் தூக்கிக்கிட்டுத்தான் போகணும் போல" என்றாள்.

முன்னறையிலிருந்து அப்பா கேட்டார். "எந்தக் கப்பல்ல?"

"ஒங்க கப்பல்லதான்" என்றாள் அம்மா.

எனக்குப் பயம் முழுக்கப் போய்விடவில்லை. கடல் இருக்கிறது, பிரெஞ்சு பேசும் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனால் சாப்பாட்டைப் பற்றி இனி யாராவது பயமுறுத்தினால் நம்பமாட்டேன். சிலிபினுக்குப் போகிறவர்கள் பத்தரைக்குள் போய்விடுங்கள், பன்னிரண்டுக்கு மேல் அமொக் இருக்காது. திரும்ப ஒரு மணி பஸ்ஸையே பிடியுங்கள். புனோம் பென்னுக்கே போகிறவர்கள் கருவேப்பிலைக் கன்று ஒன்றும், கடுகும், பெருங்காயமும் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, போதும் என்றால் கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

அம்மாவுக்கு அந்த வழக்கத்தை நான் இன்னும் சொல்லவில்லை. இலைக் கிண்ணத்தை எடுத்துப்போட நான்தான் போனேன். அதில் ஒரு துளி மிச்சம் இல்லை.