ரோமாபுரியில் சாக்கடை பார்த்த நல்லையா

ரங்கூன் முனிசிபாலிட்டியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த நல்லையாவை லான்மடாவ் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அங்கே அவருக்கு என்ன வேலை என்பதை அவர் மனைவி தைலம்மாள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், "முனிசிபல் ஆபீசுல" என்பாள். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

தெருக்களுக்கு அடியில் ஓடும் செங்கல் சாக்கடைகளைக் கட்டுகிற, பழுது பார்க்கிற கொத்தனார்களுக்கு நல்லையா மேஸ்திரி. எந்தத் தெருவின் கீழே எந்த வளைவு உட்கார்ந்துவிட்டது, எங்கே கசிகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வேலை முடிந்து வந்தால் பின்பக்கம் இரண்டு தடவை குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். அது தைலம்மாள் போட்ட சட்டம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் அவருடைய என்ஜினீயர் மக்ரே துரை வேலையை விட்டுச் சீமைக்குப் புறப்பட்டார். துரைக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. கப்பலில் தூக்கி உட்காரவைக்க ஓர் ஆள் வேண்டும். பழகிய ஆளே வேண்டும் என்று நல்லையாவைக் கேட்டார். தைலம்மாள் ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் தெரு முழுக்க அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

துரையின் தங்கை ரோமாபுரியில் ஓர் இத்தாலிக்காரரைக் கட்டிக்கொண்டு இருந்தாள். லண்டன் போகும் வழியில் அங்கே பத்து நாள் தங்குவதாக ஏற்பாடு. வந்த இரண்டாம் நாளே அந்த அம்மாள், ஊர் சுற்றிப் பார்க்கும் வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்றோடு நல்லையாவையும் அனுப்பிவைத்தாள். விழுந்து கிடக்கும் தூண்கள், பீச்சியடிக்கும் நீரூற்றுகள், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துப்போன பெரிய தேவாலயம். வழிகாட்டி ராஜாக்களின் கதையை இங்கிலீஷில் பொழிந்து தள்ளினான். நல்லையாவுக்குப் பாதிதான் பிடிபட்டது.

"எப்படி இருந்தது நல்லையா?" என்று அன்று மாலை துரை கேட்டார்.

"பெரிய ஊருதான் துரை. ஆனா ஒண்ணு. இடிஞ்சு கிடக்கிற அந்த வட்டக் கட்டடத்துல மழைத் தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னு தேடித் தேடிப் பார்த்தேன். அதை யாரும் காட்டல."

துரை வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சொன்னார்: "இந்த ஊரில் ஒரு சாக்கடை இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் ஓடுகிறது."

நல்லையா நம்பவில்லை. ரங்கூனில் முப்பது வருஷத்துக்கு முன் கட்டியதை நிமிர்த்தி வைக்கவே அவர் படுகிற பாடு அவருக்கல்லவா தெரியும்!

மறுநாள் தங்கை அம்மாள் இத்தாலி பாஷையில் எழுதிக் கொடுத்த சீட்டை எதிரில் வந்தவர்களிடமெல்லாம் நீட்டி, வழி கேட்டுக்கொண்டே ஆற்றங்கரைக்குப் போனார். கரைச் சுவரில், உடைந்த பாலம் ஒன்றின் பக்கத்தில், ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு வளைவு வாய். மூன்று அடுக்குக் கல். உள்ளேயிருந்து தண்ணீர் சலசலத்து வந்து ஆற்றில் விழுந்தது. அவர் அங்கேயே குந்திவிட்டார். சுண்ணாம்பு எங்கே என்று கண்ணால் துழாவினார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

வந்த வழியே திரும்பி, சாக்கடை எந்தத் தெருவுக்கு அடியில் போகும் என்று மனசுக்குள் கோடு போட்டுக்கொண்டு நடந்தார். கோடு தப்பவில்லை. ஒரு பழைய கோயிலுக்கு எதிரில் இரும்பு மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். இடுப்பளவு ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் ஆள் மேலே ஏறி வந்தான். நல்லையாவைப் பார்த்ததும் போ போ என்று கை காட்டினான். நல்லையா போகவில்லை. தன்னைத் தொட்டுக் காட்டினார், குழியைக் காட்டினார், கரண்டியால் காரை பூசுவதுபோல் கையை அசைத்தார். கடைசியில் உள்ளங்கைகளை விரித்து நீட்டினார். சுண்ணாம்பு அரித்து வெடித்த கைகள். அவன் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் கைகளையும் பக்கத்தில் நீட்டிக் காட்டினான்.

அவன் பெயர் பியேத்ரோ. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நல்லையா அவன் பின்னால் ஏணியில் இறங்கினார். கீழே விளக்கு வெளிச்சத்தில் கல் வளைவு நீண்டுகொண்டே போயிற்று. அதே நாற்றம், அதே ஈரம், தூரத்தில் அதே இரைச்சல். முதல் தடவையாக அந்தப் பரதேசம் அவருக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. வளைவில் கையை வைத்தார். இதைக் கட்டியவனுக்கும் ஒரு மனைவி இருந்திருப்பாள், அவனும் வெளியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

மேலே வந்ததும் பியேத்ரோ ரொட்டியில் பாதி பிய்த்துக் கொடுத்தான். நல்லையா மடியிலிருந்த பர்மாச் சுருட்டை எடுத்து நீட்டினார்.

துரையை லண்டனில் சேர்த்துவிட்டு அவர் ரங்கூன் திரும்பியபோது, தைலம்மாள் மகள் நீலாம்பாளுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தாள். பபேடானில் ஜவுளிக்கடை வைத்திருந்த பழனியப்பனின் மகன். ரோமாபுரி போய்வந்த மனிதரின் வாயால் கதை கேட்க வேண்டும் என்று குடும்பத்தோடு வந்தார்கள். "கோயிலைச் சொல்லுங்க, அரண்மனையைச் சொல்லுங்க. போதும்" என்று தைலம்மாள் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்.

நல்லையா கோயிலைத்தான் சொல்ல ஆரம்பித்தார். தூண்களைச் சொன்னார். பிறகு, "அதெல்லாம் என்னங்க! அந்த ஊருல ஒரு சாக்கடை இருக்கு பாருங்க..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"அமலே!" என்று பர்மாக்காரிபோல் 'ஐயோ' போட்டு வாயைப் பொத்திக்கொண்டாள் மாப்பிள்ளையின் அம்மா. அவள் கையிலிருந்த லபெயே டீக் கோப்பை தரைக்கு இறங்கியது.

"நீங்க எதுக்கு அதுக்குள்ளல்லாம் இறங்கினீங்க?" என்றார் பழனியப்பன், மரியாதை குறையாமல்.

"நம்ம வேலையே அதுதானுங்களே!"

அவர்கள் டீயை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார்கள். மூன்றாம் நாள், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

"இருபத்திரண்டு வருஷமா நான் மூடி வச்சதை ஒரே சாயங்காலத்துல திறந்து விட்டுட்டீங்களே!" என்றாள் தைலம்மாள்.

"பொய் சொல்லிக் கட்டிக் கொடுத்தா, நாளைக்குப் புள்ளதானே பதில் சொல்லணும்?" என்றார் அவர். உண்மையில் அதையெல்லாம் யோசித்து அவர் பேசவில்லை. நினைப்பு வந்தது, வாய் பேசிவிட்டது. மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. நீலாம்பாள் சோறு போட்டாள். தைலம்மாள் மூன்று வாரம் அவரோடு பேசவில்லை.

நாலாவது வாரம் ஒரு நாள் அவள் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: "சுண்ணாம்பு இல்லாம அந்தக் கல்லு எப்படிங்க நிக்கும்?"

நல்லையா பக்கத்தில் உட்கார்ந்தார். அரிவாள்மணையை வாங்கி, மேலே அகலமும் கீழே குறுகலுமாக ஒன்பது துண்டு சீவினார். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் துண்டுகளை அடுக்கினார். இரண்டு பக்கமும் செங்கல் வைத்து அண்டை கொடுத்து, கிண்ணத்தை மெல்ல உருவினார். வளைவு நின்றது. தைலம்மாள் விரலால் உச்சியை அழுத்திப் பார்த்தாள். இன்னும் பலமாக அழுத்தினாள். விழவில்லை.

"நீலா, இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டாள்.

அடுத்த வருஷம் தின்கன்ஜூனிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பெண் கேட்டு வந்தார்கள். வந்தவர்கள் பாயில் உட்காரும் முன்பே தைலம்மாள் சொல்லிவிட்டாள்: "எங்க வீட்டுக்காரரு சாக்கடை மேஸ்திரி. தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க."

வாத்தியாரின் தகப்பனார் தலையைச் சொறிந்தார். "அப்படியா? எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு வருஷமா தண்ணி தேங்கி நிக்குது. யாரு வந்து பார்த்தும் சரியாகலை..."

நல்லையா அந்த ஞாயிற்றுக்கிழமையே மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு தின்கன்ஜூனுக்குப் போனார். தைலம்மாளும் கூடவே போனாள்.