எலுமிச்சம்பழம் ஏறாத ஜீப்புகள்

இன்று காலை பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில், எங்கள் அலுவலகத்தின் அடித்தள பார்க்கிங்கில் ஒரு ஜீப் டக டக டக என்று அடித்துக்கொண்டது. பேட்டரி செத்த வண்டியில் சாவியைத் திருப்பினால் வரும் சத்தம் அது. அதன் சொந்தக்காரர் இறங்கி பானெட்டைத் திறந்து, கிணற்றில் விழுந்த வாளியைப் பார்ப்பதுபோல உள்ளே பார்த்தார். முழங்கால் உயர டயர், கூரையில் மண்வெட்டி, பக்கவாட்டில் மலைத்தொடர் ஸ்டிக்கர். மண்வெட்டியின் விலைச்சீட்டுகூட இன்னும் கிழியவில்லை.

"ஜம்பர் கேபிள் யார்கிட்டயாவது இருக்குமா?" என்று கேட்டார்.

இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் எடுக்கும் அந்தக் கேபிள் ஒன்று வாட்ச்மேன் அறையில் இருப்பது எனக்குத் தெரியும். சொல்லாமல் லிஃப்டுக்குள் போய்விட்டேன். நான் பொதுவாக இப்படிப்பட்டவள் இல்லை. ஆட்டோ நின்றுபோனால் இறங்கித் தள்ளுவேன். ஆனால் ஜீப்காரர்கள் விஷயத்தில் என் மனசு கல். அது எப்படிக் கல்லாயிற்று என்று கேட்டால், லிங்கராஜபுரத்துக்குப் போக வேண்டும்.

அங்கே மெயின் ரோட்டிலிருந்து உள்ளடங்கிய ஒரு சந்தில், ஜீப்புகளுக்கு அலங்காரம் செய்யும் ஒர்க்ஷாப்பில்தான் எனக்கு முதல் வேலை. முதலாளி ரெஜினால்ட் சார், ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் இருக்கும் ஒரே கெடுதல் அவரிடமும் இருந்தது. யார் சத்தமாகப் பேசினாலும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவள் நான்தான். அதற்கு மேல் ஆட்டோமொபைல் டிப்ளமா. அதை வைத்துக்கொண்டு ஒர்க்ஷாப்பில் என்ன செய்தேன் என்றால், போன் எடுத்தேன். "குட் மார்னிங் சார், சொல்லுங்க சார்." என் சர்டிபிகேட்டை அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். நான் இங்கே போனுக்குக் குட்மார்னிங் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை காலியாக இருந்தது. சர்வீஸ் அட்வைசர் மேசை. வண்டியைப் பார்த்து, என்ன கோளாறு, என்ன மாற்ற வேண்டும் என்று கஸ்டமருக்குச் சொல்கிற வேலை. "ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாள்லேர்ந்து நீதாம்மா அங்க உக்கார்ற" என்று ரெஜினால்ட் சார் சொல்லியிருந்தார். சாம்பல் நிறக் கோட் ஒன்று என் அளவில் வாங்கி, கவரோடு அலமாரியில் தொங்கவிட்டிருந்தார். தினமும் ஒரு தடவையாவது ஏதோ எடுக்கிற சாக்கில் அந்த அலமாரியைத் திறந்துவிடுவேன். அந்த வயதில் வேறு பெண்கள் எதையெதையோ திறந்து பார்த்திருப்பார்கள்.

கஸ்டமர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் இவர்களுடைய ஜீப் அபார்ட்மென்ட் அடித்தளத்தில் தூங்கும். உள்ளே ஒரு குட்டி ஃப்ரிட்ஜ், முன்னும் பின்னும் கேமரா, மின்மினிப் பூச்சிகளுக்குப் பொறாமை வரும் அளவுக்கு விளக்குகள். வண்டி தூங்கினாலும் இவை தூங்காமல் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை காலை போன் அடிக்க ஆரம்பிக்கும்.

"மேடம், நீங்க போட்டுக் குடுத்த பேட்டரி வேஸ்ட். டெட்டா இருக்கு."

"வண்டி கடைசியா எப்ப ஓடுச்சு சார்?"

"டெய்லி ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடறேனே."

"நின்ன இடத்துல அஞ்சு நிமிஷம் ஓடுனா, ஸ்டார்ட் பண்ண செலவான கரண்ட்கூடத் திரும்பி வராது சார். நல்லா ஒரு ரவுண்டு ஓட்டணும்."

"மெக்கானிக் யாராவது இருந்தா குடுங்க."

போனை ரெஜினால்ட் சாரிடம் கொடுப்பேன். நான் சொன்னதையே அவர் சொல்வார். அந்தப் பக்கம் "ஓகே சார், தேங்க்யூ சார்" என்பார்கள். ஆண் குரலில் போனால்தான் இவர்கள் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்போல.

காட்டுக்கும் மேட்டுக்கும் போவதற்கென்றே செய்த வண்டி அது. தரையில் தண்ணீர் வெளியேற ஓட்டை வைத்து, அடைப்பான் போட்டிருப்பார்கள். சேறும் சகதியுமாக வந்தால் உள்ளேயே ஓஸ் பைப் விட்டுக் கழுவலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு இவர்கள் கேட்கும் சீட் என்ன தெரியுமா? லெதர். அதுவும் வெள்ளை லெதர்.

இவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருந்தார்கள். கிளப்பின் பெயரில் ஒரு மிருகமும் ஒரு இயற்கைச் சீற்றமும் இருந்தன. அதற்கு மேல் வேண்டாம். தலைவர் கிரண். ஏதோ கம்பெனியில் பெரிய மேனேஜர். போன மழைக்காலத்தில் மேல் துணியைத் திறந்துபோட்டுவிட்டு எங்கோ காபி குடிக்கப் போயிருக்கிறார். பெங்களூர் மழை வழக்கம்போலச் சொல்லாமல் வந்துபோனது. ஒரு வாரத்தில் அவருடைய லெதர் சீட்டில் பச்சையாகப் பூஞ்சை பூத்தது. கதவைத் திறந்தால் நனைந்த ஆட்டுக்குட்டி உள்ளே படுத்திருப்பதுபோல ஒரு நாற்றம். அவர் வாசனைத் திரவியம் அடித்தார். பிறகு வாசனைத் திரவியம் பூசிய ஆட்டுக்குட்டி படுத்திருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, எட்டு ஜீப்புக்கும் வெள்ளை லெதர் போடவேண்டும் என்று அதே மனிதர் வந்து நின்றார்.

"நல்ல ரெக்ஸின் போடுங்க சார். தண்ணி இறங்காது, தொடச்சா போயிடும். வெயில்ல கொஞ்சம் சூடாகும், அதுக்கு மேல துணி உறை போட்டுக்கலாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நண்பரைப் பார்த்துச் சிரித்தார். "ரெக்ஸினா? ஆட்டோ மாதிரி இருக்கும்டா."

எங்கள் அப்பா ஆட்டோ ஓட்டியவர். வெயிலில் நின்ற ரெக்ஸின் வாசனை என்றால் எனக்கு இன்றைக்கும் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வரும். காலைச் சவாரிக்கு முன்னால் என்னை இறக்கிவிடுவார். பாவாடைக்குக் கீழே தொடை ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் பிளாஸ்திரி உரிப்பதுபோலச் சத்தம் வரும். அந்த சீட்டில் பிரசவத்துக்குப் போனவர்கள் உண்டு, மீன் கூடை போனதுண்டு, குடித்துவிட்டு வாந்தி எடுத்தவர்கள் உண்டு. ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துணி, முடிந்தது. பேட்டரி போனாலும் அப்பா கவலைப்பட்டதில்லை. கீழே இருக்கும் கம்பியைக் கையால் இழுத்து ஸ்டார்ட் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஆட்டோ மாதிரி இருக்குமாம். ஆட்டோ மாதிரி இருக்க இவர்கள் வண்டிக்குக் கொடுத்துவைக்கவில்லை.

சீட் தைக்கும் மஸ்தான் பாய்க்கு என் கோபம் வேடிக்கை. "நீ ஏன்மா டென்சன் ஆவற? சாப் பட்டுல கேட்டா பட்டுல தைப்பேன். பூஞ்சை புடிச்சா வேற எங்க போவாரு, மறுபடி நம்மளாண்டதான வரணும்" என்பார். அவருக்கு எல்லாமே வரும்படிதான், பூஞ்சைகூட.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கிளப் வண்டிகள் எட்டையும் முந்தின நாளே எங்கள் யார்டில் கழுவ விட்டார்கள். ஒவ்வொரு பேட்டரியிலும் நானே மீட்டர் வைத்துப் பார்த்தேன். சோர்ந்து கிடந்தவற்றையெல்லாம் சார்ஜரில் போட்டு நிரப்பினேன். பூஜை முடிந்த மறுநாள் முதல் என் மேசை அல்லவா, அன்றே உட்கார்ந்துவிட்ட நினைப்பு.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை சாமி கும்பிடுகிறவர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் ரெஜினால்ட் சார்தான் வாழைக்கன்று பேரம் பேசுவார். மஸ்தான் பாய் தன் தையல் மிஷினுக்குத் தானே சாமந்தி மாலை போடுவார். சந்தில் இருக்கும் கடைகளுக்கெல்லாம் ஒரே பூசாரி. முதல் கடையில் ஆரம்பித்து வரிசையாக வருவார், எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. இது சந்தில் குழந்தைக்கும் தெரியும். கிரணுக்குத் தெரியாது.

அவர் ட்ரோன் கேமராவோடு வந்திருந்தார். "இஞ்சின் ஆஃப், லைட் எல்லாம் ஆன்" என்று கத்தினார். புகை வந்தால் படம் கெட்டுவிடுமாம். எட்டு வண்டியிலும் அத்தனை விளக்கும் எரிந்தன, பாட்டு அலறியது. பூசாரி நான்கு கடை தள்ளி லேத் மிஷினுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், இஞ்சினை ஓடவிடுங்க. இல்லனா லைட்டையாவது அணைங்க. பூசாரி வர நேரமாகும்" என்றேன்.

"மேடம், இது ஆஃப்ரோடு வண்டி. உங்க ஸ்கூட்டி இல்ல."

பூசாரி ஒருவழியாக வந்தார். மந்திரம் சொன்னார், ஒவ்வொரு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார், பூசணிக்காயை உடைத்தார். அடுத்த கடைக்குப் போகும் அவசரத்தில், "ஹொரடி, ஹொரடி, ராகுகால பர்த்தா இதே" என்று கையை வீசினார். ராகுகாலம் வருகிறது, கிளம்புங்கள் என்று.

எட்டுப் பேரும் கண்ணாடி போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார்கள்.

டக டக டக டக.

ஒரே ஒரு வண்டி உயிர்பெற்றது. கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவருடையது, அதில் இன்னும் கூடுதல் விளக்கு எதுவும் மாட்டியிருக்கவில்லை. அது சுவரோரம் கடைசியில், மற்ற ஏழுக்கும் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றால் எல்லாம் ஆட்டோமேட்டிக் கியர். மேலே ட்ரோன் மட்டும் நன்றாகப் பறந்துகொண்டிருந்தது.

கடைசியில் வாழைக்கன்று ஏற்றி வந்த குட்டியானை வண்டியைத்தான் கொண்டுவந்து நிறுத்தி, கேபிள் போட்டோம். அதன் டிரைவர் பீடியைக் காதில் சொருகிக்கொண்டு டயரையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார், மலை ஏறும்னு எழுதி வெச்சிருக்கீங்க. எலுமிச்சம்பழத்து மேலயே ஏற மாட்டேங்குது."

சந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்திருப்பேன். எனக்குச் சிரிப்பு வந்தால் மூக்கில் சத்தம் வரும். கிரண் அத்தனை பேரில் என்னை மட்டும் பார்த்தார். பிறகு ரெஜினால்ட் சாரிடம் திரும்பினார்.

"சார், நேத்துலேர்ந்து வண்டி உங்ககிட்டதான இருக்கு. சார்ஜ் போட மறந்துட்டேன்னு இவங்களே எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். அப்புறம் சீட் ஆர்டர் பேசலாம்."

ரெஜினால்ட் சார் என்னை உள்ளே கூட்டிப்போனார். முகத்தில் வேர்வை.

"ஒரு வார்த்தைம்மா. மறந்துட்டேன்னு சொல்லு. நாளைக்கு கோட்டைப் போட்டுட்டு உக்காரு."

"நான் மறக்கல சார்."

"எனக்குத் தெரியாதா? அவன் மூஞ்சிய காப்பாத்தணும், அவ்ளோதான். சொல்லலன்னா உன்ன எப்படிம்மா அந்த மேசையில உக்காரவெக்கறது?"

இது எனக்குத் தெரியாத வார்த்தை இல்லை. அம்மா ரிச்சர்ட்ஸ் டவுனில் நான்கு வீடுகளில் வேலை செய்தவள். அவர்கள் தொலைத்த ஸ்பூனுக்கும், அவர்கள் மூடாத குழாய்க்கும், "மறந்துட்டேன்மா, மன்னிச்சுக்கங்க" என்று அம்மாதான் சொல்வாள். லீவு நாளில் கூடப் போகும்போது கதவோரம் நின்று கேட்டுக் கேட்டு, அந்த வாக்கியம் எனக்குப் பாடம்போல மனப்பாடம். அதைத் திரும்ப ஒப்பிக்கவா டிப்ளமா படித்தேன்? அந்த மேசையில் நான் உட்கார்ந்தால் முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்கும்: பேட்டரியை மறந்த பொண்ணு. அதற்குப் பிறகு எந்த வண்டியைப் பற்றி நான் என்ன சொன்னாலும் யார் கேட்பார்கள்?

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கிரண் வழியில் நின்றார். அவரிடம், "அஞ்சு நிமிஷத்துல ஆஃப் பண்ணிடாதீங்க சார், நல்லா ஒரு ரவுண்டு ஓட்டுங்க" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தைதானடி. நான் சொல்லாத வார்த்தையா?"

"நம்ம வீட்டுக்குச் சேத்து நீயே சொல்லிட்டம்மா, போதும்" என்றேன். அன்று அம்மா சோறு வழக்கத்தைவிட நிறைய வைத்தாள்.

இப்போது சீட்களைச் சோதிக்கும் கம்பெனியில் இருக்கிறேன். லெதரும் ரெக்ஸினும் துணியும் என் முன்னால் நனைந்து, காய்ந்து, கிழிகின்றன. எது தாங்கும், எது தாங்காது என்று நான் எழுதுவதுதான் கடைசி வார்த்தை. அந்த எட்டுப் பேர் கிளப் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. வெள்ளை லெதர் ஆர்டரும் வரவே இல்லை என்று மஸ்தான் பாய் போனில் சொன்னார். கிரண் இப்போது மராத்தான் ஓடுகிறாராம். ஷூவாவது சரியாக வாங்கியிருப்பார் என்று நம்புகிறேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக லிங்கராஜபுரம் போனபோது சந்துக்குள் நுழைந்தேன். ஒர்க்ஷாப் இருந்த இடத்தில் நாய்களைக் குளிப்பாட்டி முடிவெட்டும் கடை. வாசலில் ரெஜினால்ட் சார் தன் கிழட்டு நாயைப் பிடித்துக்கொண்டு, முறைக்காகக் காத்திருந்தார். தன் கடை வாசலிலேயே டோக்கன் வாங்கி நின்ற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு மெல்லச் சொன்னார். "அன்னைக்கு நீ அந்த ஒரு வார்த்தைய சொல்லியிருந்தா, ஆர்டர் வந்திருக்கும்மா. கடையும் நிலைச்சிருக்கும்."

"மறந்துட்டேன்னு நீங்களே சொல்லியிருக்கலாமே சார். கடை உங்களுதுதான."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நடிப்பில்லாத ஆச்சரியம் அது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வழி இருந்தது அவர் மனசில் பட்டதே இல்லை.

உள்ளே அவர் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். நாயை இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அட்வைசர் மேசை இருந்த மூலையில் ஷாம்பு அடுக்கு. நடுவில், ஜீப்புகளைத் தூக்கும் லிஃப்ட்டின் போல்ட்டுகள் இறங்கியிருந்த துளைகளைச் சிமென்ட் பூசி அடைத்து, மேலே ரோஜா நிற டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள்.