ரெயின்கோட் போட்ட பூண்டு

வானிலை அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த சொல் ‘ஓரிரு இடங்களில்’ என்பதுதான். திண்டுக்கல் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்பார்கள். அதைச் சொல்கிறவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பழனியில் ஜனங்கள் துண்டால் விசிறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் கொடைக்கானலில் நாங்கள் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குவோம். இரண்டும் ஒரே மாவட்டம். எங்கோ தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர் இதில் எந்தத் தெருவை என்று சொல்வார்? அந்த ஓரிரு இடங்கள் எவை என்று கண்டுபிடிக்கும் சோலியை நானாகத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. இப்போது இறக்கி வைக்கப் பார்த்தால் யாரும் விடுவதாக இல்லை.

கொடைக்கானல் பஜாரில் எனக்கு இருப்பது குடை, ஸ்வெட்டர், ரெயின்கோட் விற்கும் கடை. அதனால் என் ஜோசியத்துக்கு மரியாதை கொஞ்சம் மட்டுதான். மழை வரும் என்று சொன்னால், “பாய்க்குச் சரக்குத் தேங்கிப்போச்சு போல” என்பார்கள். வராது என்று சொன்னால், “ஸ்டாக் தீந்துருச்சு, அதான்” என்பார்கள். ஆனாலும் தினமும் காலையில் தொழுகை முடிந்து வந்து வாட்ஸ்அப் குழுவில் நான் போடும் குரல் பதிவைக் கேட்காமல் மலைக் கிராமங்களான பூம்பாறையிலும் மன்னவனூரிலும் யாரும் மண்வெட்டியைத் தொடுவதில்லை. டாக்ஸிக்காரர்களும் கேட்கிறார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து ஒரு கமிஷன் மண்டிக்காரர்கூட, மலையிலிருந்து லாரி எப்போது இறங்கும் என்று கணக்குப் போடுவதற்காகவே குழுவில் சேர்ந்திருக்கிறார்.

என் வித்தை ரொம்பப் பெரியதல்ல. அதிகாரப்பூர்வ அறிக்கையைப் படிப்பேன். போனில் மேகப் படத்தைப் பார்ப்பேன். பிறகு மாடிக்குப் போய் மேகம் எந்தப் பக்கமாக ஏறுகிறது என்று பார்ப்பேன். தெற்குச் சரிவில் ஏறும் மேகம் டவுனை நனைத்துவிட்டு அங்கேயே களைத்துப் படுத்துவிடும். வடக்கே, பழனிப் பக்கத்திலிருந்து ஏறுவதுதான் பூம்பாறை வரைக்கும் விருந்துக்கு வரும். அந்தப் பக்கம் என் மாடியிலிருந்து தெரியாது. அதற்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் இருக்கிறான். அவனுக்கு நான் மாமா, எனக்கு அவன் மாப்ள. போனில் எங்களுக்குள் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

“மலை தெரியுதா மாப்ள?”

“தெரியுது, வையி போனை. கடையில கூட்டம் அம்முது.”

இதுதான் எங்கள் வானிலை ஆய்வு. அடிவாரத்திலிருந்து பார்க்கும்போது மலை துடைத்து வைத்ததுபோல் தெரிந்தால் மேற்கிலிருந்து காய்ந்த காற்று அடிக்கிறது என்று அர்த்தம். பால் ஊற்றியதுபோல் மங்கினால் ஈரம் ஏறுகிறது. மலையையே காணோம் என்றால் மேலே துணி காயப் போட்டவர்கள் ஓட வேண்டியதுதான்.

பங்குனி மாதம்தான் எனக்குப் பரீட்சை. காலையில் வெயில் பல்லைக் காட்டும். டீ குடித்து முடிப்பதற்குள் மேகம் வந்து கடைப்பலகையில் உட்காரும். ஒருநாள் ஆலங்கட்டி விழும், மறுநாள் புழுதி பறக்கும். இந்த லட்சணத்தில் அந்த வருஷம் வங்கக் கடலில் புயல் சின்னமும் சேர்ந்துகொண்டது. பங்குனியில் அது வருவது அபூர்வம். டிவியில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பம்பரத்தைச் சுற்றவிட்டு ஊரையே கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பூம்பாறை அக்கா போன் செய்தார். வருஷா வருஷம் என் கடையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி, வருஷா வருஷம் அது சுருங்கிவிட்டது என்று சண்டை போடுகிறவர். படிப்படியாக இறங்கும் வயல்களில் மலைப்பூண்டு போட்டிருந்தார். போன போகத்தில் அறுவடை நேரத்து மழையில் எல்லாம் அழுகிப்போனது அவருக்கு. அங்கே இங்கே கேட்டு வாங்கிய விதைப்பூண்டை ஊன்றி இதை வளர்த்திருந்தார்.

“பாய், டிவியில செகப்பா ஒண்ணு சுத்துதே, அது நமக்கா?”

“நமக்கில்லக்கா. அது கரையை ஒட்டி வடக்க போயிரும்.”

“உங்ககிட்டச் சொல்லிட்டுப் போகுதாக்கும்?”

“அக்கா...”

“வெளையாட்டு இல்ல பாய். பூண்டு முத்திருச்சு. மண்ணுக்குள்ள கெடந்து தண்ணி குடிச்சா வெடிச்சுப்போகும். புடுங்கிப் போட்டுட்டு மழை பேஞ்சா அழுகிப்போகும். இதுவும் போச்சுன்னா அடுத்த போகத்துக்கு ஊன்றதுக்கு ஒத்தப் பல்லு இருக்காது எனக்கு. புடுங்கவா, வேண்டாமா? ஒத்த வார்த்தை சொல்லுங்க.”

பிடுங்கிய பூண்டை வயலிலேயே வரிசையாகப் படுக்க வைத்து, ஒரு வரிசையின் தாளால் அடுத்த வரிசையின் பூண்டை மூடி, சில நாள் காயவிடுவார்கள். பிறகுதான் கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே புகை போடுவது. அந்தச் சில நாளில் ஒரு நல்ல மழை போதும், எல்லாம் முடிந்துவிடும்.

நான் படம் பார்த்தேன், மாடி ஏறினேன், மாப்ளையிடம் கேட்டேன். மறுநாள் திங்கட்கிழமை காலை, மைக் பிடித்த மந்திரி மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு குழுவில் பேசினேன்: “புயல் கரையை ஒட்டி வடக்க போகும். போறப்ப நம்ம பக்கத்து ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கிட்டுப் போகும். வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் பூம்பாறையில ஒரு சொட்டு விழாது. டவுன்ல மட்டும் தூறும், அதப் பாத்து எவனும் பதறக்கூடாது. பூண்டு புடுங்குறவங்க தாராளமாப் புடுங்கலாம். வியாழக்கிழமை சாயங்காலம் பெய்யும். அதுக்குள்ள கொட்டகையில ஏத்திருங்க.”

அன்று மாலைக்குள் அக்கா மொத்த வயலையும் பிடுங்கிப் போட்டுவிட்டார். அக்கா பிடுங்கியதைப் பார்த்து அக்கம்பக்கத்து வயல்காரர்களும் பிடுங்கிவிட்டார்கள்.

புதன்கிழமை வெள்ளனே எழுந்தேன். வீட்டை ஒட்டிய கடையின் தகரக் கூரையில் டொக் டொக் என்று சத்தம். கையை வெளியே நீட்டினேன். நனைந்தது. கண்ணுக்குள் அக்காவின் பூண்டு வரிசை வரிசையாக மிதந்தது. அதற்குப் பின்னால் அக்கா மண்வெட்டியோடு என்னைத் துரத்திக்கொண்டு வந்தார்.

“ஏங்க, நீங்கதானே அன்னைக்கு...” என்று என் மனைவி தொடங்கினாள்.

“பேசாத! பேசுற நேரமா இது?”

“இல்லங்க, நீங்களே வாயால...”

முடிக்கவிட்டால்தானே. கடையில் இருந்த ரெயின்கோட் அத்தனையையும் வாரி என் பழைய வேனில் திணித்தேன். பெரியவர்களுக்கானது, சின்னவர்களுக்கானது, தலையில் வாத்து மூஞ்சி வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகத் தைத்தது, தேனிலவு ஜோடிகளுக்காக நான் ஆசையாகத் தருவித்த ரோஸ் கலர். பிரஷர் மாத்திரையை விழுங்கினேனா இல்லையா என்று நினைவில்லை. இரண்டு தரம் விழுங்கியிருக்கலாம்.

பூம்பாறை ரோட்டில் எப்படி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. எதிரே வந்த பஸ் டிரைவர் என்னைப் பார்த்துக் கையால் ஏதோ ஜாடை காட்டினார். வசவு என்று எடுத்துக்கொண்டேன். பிற்பாடு யோசித்தபோதுதான் புரிந்தது. பாதி வழியிலேயே தூறல் நின்று வெயில் வந்துவிட்டது. நான் மட்டும் காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கர்கர் என்று கத்தக் கத்த ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வயலில் அக்கா இல்லை. வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். நல்லதாய்ப் போயிற்று, அவர் வருவதற்குள் காப்பாற்றிவிடலாம் என்று வேலையில் இறங்கினேன். மேல்படியிலிருந்து ஆரம்பித்து, பூண்டு வரிசைமேல் ஒவ்வொரு ரெயின்கோட்டாக விரித்து, கைகளைப் பக்கத்தில் நீட்டி, காற்றில் பறக்காமல் கல் வைத்தேன். கடைசி வாத்து மூஞ்சிக்குப் பட்டன் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அக்கா வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு பள்ளிக்கூடமே அவர் வயலில் படுத்துத் தூங்குவதுபோல இருந்திருக்கும்.

“என்ன பாய் இது?”

“மழைக்கா! மழை வந்துருச்சு!”

“எங்க?”

அப்போதுதான் நான் அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்குகூட இல்லை. என் பிடரியில் வெயில் சுட்டுக்கொண்டிருந்தது.

“டவுன்ல தூறுச்சுக்கா...”

அக்கா இடுப்பிலிருந்து போனை எடுத்தார். சத்தத்தை முழுக்க ஏற்றினார். என் குரலே அந்தப் பள்ளத்தாக்கில் கணீர் என்று கேட்டது: “டவுன்ல மட்டும் தூறும், அதப் பாத்து எவனும் பதறக்கூடாது.”

மேல்படி வயல்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் உட்கார்ந்து சிரித்தார்கள். நின்று சிரிக்க அவர்களால் முடியவில்லை. “இன்னொரு வாட்டி போடுக்கா!” என்று ஒருவர் கேட்க, அக்கா போட்டார்.

“இந்த வெயிலுக்குப் பூண்டுக்குப் பிளாஸ்டிக் போத்துனா வேத்து அவிஞ்சுபோகும் பாய். வெரசா உருவுங்க!”

உருவினோம். ரெயின்கோட்டின் உள்பக்கமெல்லாம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. மழையால் வந்திருக்க வேண்டிய சேதத்தை நானே கொண்டுபோய்ச் செய்யப் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, பூண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வரிசையைப் புரட்டிவிட்டு உட்கார்ந்தோம்.

சிரிப்பு அத்தோடு நின்றுபோனது. பக்கத்து வயல்காரர் போனைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறி வந்தார். பம்பரம் மேற்கே திரும்பினாலும் திரும்பலாம் என்று டிவியில் சொல்கிறார்களாம். அவர் ஏற்கெனவே பாதிப் பூண்டைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். “அக்கா, நீங்களும் இப்பவே அள்ளிருங்க. பாதி காஞ்சது போதும்.”

பாதி காய்ந்ததை அள்ளிக் குவித்தால் உள்ளுக்குள் சூடேறி, புகையில் தொங்கவிட்டாலும் விதைக்கு ஆகாது. அது அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அக்கா என் பக்கம் திரும்பினார். முகத்தில் கேலி இல்லை.

“இப்பச் சொல்லுங்க பாய். அள்ளவா, காயட்டுமா?”

அப்போதுதான் ஒன்று புரிந்தது. காலையிலிருந்து நான் என்னென்னவோ செய்திருக்கிறேன், வானத்தை மட்டும் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. காய்ந்த பூண்டுச் சருகு ஒரு கை எடுத்து மேலே விட்டேன். கிழக்கே பறந்தது. மேற்கத்திக் காற்று மாறவில்லை. மாப்ளைக்குப் போன் போட்டேன்.

“மலை தெரியுதா?”

பின்னால் காவடிக் கூட்டத்தின் அரோகரா சத்தம். “தெரியுதாவா? மேல ரோட்டுல பஸ் போறதே தெரியுது மாமா. உள்ள யாரு உக்காந்திருக்கான்னு மட்டும் சரியாத் தெரியல.”

புயல் ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. “காயட்டும்க்கா” என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. ஆனாலும் சொன்னேன். “நாளைக்கு மத்தியானம் அள்ளுனாப் போதும். அண்ணே, நீங்களும் தார்ப்பாயை எடுங்க.”

பக்கத்து வயல்காரர் என்னைப் பார்த்தார், குவிந்து கிடந்த வாத்து மூஞ்சிகளைப் பார்த்தார். “யாரு பேச்ச நம்புறது, திங்கக்கெழமை பாயா, இன்னைக்குப் பாயா?”

“திங்கக்கெழமை பாய்தான்” என்றார் அக்கா, எனக்கு முந்திக்கொண்டு. “இந்தாளு பயந்தாலும் சொல்லு சரியாத்தான் இருக்கு.”

அவர் முனகிக்கொண்டே போய்த் தார்ப்பாயை இழுத்தார்.

வியாழக்கிழமை கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுப் பூம்பாறைக்கே போய்விட்டேன். முந்தைய நாள் அவள் சொல்ல வந்ததை அக்காவின் போனே சொல்லிவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. “போறப்ப வைப்பர அணைச்சிட்டுப் போங்க” என்றாள்.

மத்தியானம் அள்ள ஆரம்பித்தோம். தாள் சரசரவென்று காய்ந்திருந்தது. கட்டுக் கட்டாகக் கட்டிக் கொட்டகைக்குச் சுமந்தோம். என் தொப்பைக்கு அது பழக்கமில்லாத சோலி. பாதி வயல் முடிந்தபோது காற்று நின்றது. சருகை மேலே விட்டேன், காலடியிலேயே விழுந்தது. அப்போது மாப்ளையே போன் செய்தான். அவனாகக் கூப்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“மாமா, மலையக் காணோம்!”

“காணோமா?”

“அடியோட காணோம்! இங்க கடைக்குள்ள லைட்டு போட்டுட்டோம்!”

நான் வரப்பில் நின்று கத்தியது மன்னவனூர் வரைக்கும் கேட்டிருக்கும். “வருது! வருது! அள்ளுங்க!” பயத்தில் கத்துவதற்கும் இப்படிக் கத்துவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாப் படிகளிலும் ஓட்டம். தங்கள் வயலை முடித்தவர்கள் அக்காவின் வயலுக்கு இறங்கி வந்தார்கள். பக்கத்து வயல்காரர் ஒரே நேரத்தில் இரண்டு தோளிலும் சுமந்தார். வடக்கு முகட்டுக்கு மேலே கருப்பாக ஒன்று எழுந்து நின்று எங்களை எட்டிப் பார்த்தது.

சாயங்காலம் அஸர் தொழுகை நேரம் நெருங்கும்போது கடைசிக் கட்டு கொட்டகை வாசலைத் தாண்டியது. முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தது. அடுத்தது ஆலங்கட்டி. அப்புறம் வானத்தையே கவிழ்த்துக் கொட்டினார்கள்.

உள்ளே விறகுப் புகை மூட்டம் போட்டாயிற்று. அக்கா ஒரு பூண்டை உடைத்துப் பல்லை நகத்தால் கீறிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. குனிந்து, பெரிய பெரிய பூண்டாகப் பொறுக்கித் தனியாகக் கட்ட ஆரம்பித்தார். அது விதைக்கு. விதைப்பூண்டை உச்சியில், புகை அடர்த்தியாக நிற்கும் கழியில் மாட்ட வேண்டும்.

“ஏறுங்க பாய். நீங்க சொல்லிக் காஞ்சது, நீங்களே மாட்டுங்க.”

ஏணியில் ஏறினேன். கண் எரிந்தது, இருமல் பிடுங்கியது, தகரம் என் தலைக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் உடைந்துவிடுவதுபோல் அதிர்ந்தது. கீழே இருந்து ஒவ்வொரு கட்டாக நீட்டினார்கள். ஒவ்வொன்றையும் மாட்டும்போது “பெய்யி! பெய்யி!” என்று கூரையைப் பார்த்துக் கத்தினேன். சத்தம் அதிகமாக அதிகமாக எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. ஏணி கிடுகிடுவென்று ஆடியது.

“ஆடாதீங்க பாய், ஏணி ஒடைஞ்சுரும்!” என்று கீழே நாலு பேர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலறினார்கள்.

நான் ஆடினேன்.