சின்னம்மாவின் விரதம்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது சின்னம்மா இத்தாலியின் பலெர்மோ நகரத்தையே ஒரு நாள் ஆட்டிவைத்தார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். என் சின்னம்மா, நான் கூட்டாமல் வேறு யார் கூட்டுவது?

அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பழைய மண்டபம் இருந்தது. அம்மாமார் வீடு துடைக்கும் வேலை முடித்து வரும்வரை பிள்ளைகள் நாங்கள் அங்கேதான் இருப்போம். திடீரென்று அதைப் பூட்டப் போவதாக நகரசபைக்காரர் அறிவித்தல் ஒட்டிவிட்டார்கள். பூட்டினால் என்னைப் பார்க்க ஆளில்லை, அம்மா வேலையை விட வேண்டியதுதான். மனுக் கொடுக்க அலைந்து பெரியவர்களுக்குக் கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் சின்னம்மா பெண்களையெல்லாம் எங்கள் குசினியில் கூட்டினார். நான் எட்டிப் பார்த்தபோது கடைசிப் பேச்சுத்தான் காதில் விழுந்தது.

"வியாழக்கிழமை எல்லாருக்கும் விரதம். ஒருத்தரும் வேலைக்குப் போறேல்லை. வீட்டுக்கார சிஞ்ஞோராமாரிட்டை அப்பிடியே சொல்லுங்கோ."

"நானும் பிடிக்கட்டோ, சின்னம்மா?"

"ஓம், பிடியன்."

ஏனோ எல்லோரும் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை பட்டுச்சேலையும் பொட்டுமாக நகரசபைப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தோம். பல்லரோ சந்தையில் மீன் விற்பவரும் கடையை மகனிடம் விட்டுவிட்டு எங்களோடு வந்து குந்தினார். சோற்றை உருட்டிப் பொரித்த அரஞ்சினா ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். வாசனையில் எனக்கு வயிறு கத்தியது. நான் தொடவில்லை. மற்றப் பெண்கள் சேலைத் தலைப்பால் மறைத்துச் சாப்பிட்டதைக் கண்டு, சாமி கண்ணைக் குத்தும் என்று நினைத்துக்கொண்டேன். சின்னம்மா மட்டும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மதியத்துக்குப் பிறகு நகரசபையில் பெரிய பதவியில் இருந்த ஒருவர் இறங்கி வந்தார். அவர் வீட்டில்தான் அம்மாவுக்கு வேலை. இஸ்திரி போடாத சட்டையில் அவரை அன்றுதான் பார்த்தேன். நாளைக்காவது வேலைக்கு வருவீர்களா என்று கேட்டார். மண்டபம் திறந்திருந்தால் விரதம் முடிந்தது என்று சின்னம்மா இத்தாலியனில் சொன்னார். வாய்ப்பேச்சை நம்பாமல் கையெழுத்தும் வாங்கினார்.

அன்று நாட்காட்டியில் எந்த விரதமும் இல்லை. காரியம் பிழைத்திருந்தால் அத்தனை பேரின் வேலையும் போயிருக்கும், பழி முழுவதும் சின்னம்மாவின் தலையில் விழுந்திருக்கும். இதெல்லாம் வளர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அன்றிரவு அம்மா குழைத்துக் கொடுத்த முதல் கவளத்தை வாங்கும் முன் சின்னம்மா கையெழுத்துக் கடதாசியை இன்னொரு தரம் விரித்துப் பார்த்துக் கும்பிட்டார். எங்கள் எல்லோரிலும் அவருக்குத்தான் பக்தி அதிகம் என்று நினைத்தேன்.