பெட்டியில் அச்சடித்த காது

பெய்-ச்சென் அக்காவின் போன் மணி அடிக்காது, சட்டைப்பையில் துடிக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. துடித்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மாடிப்படிக்கு ஓடுவார். அங்கே தீயணைப்புப் பெட்டியின் மேல் போனைச் சாய்த்து வைப்பார். திரையில், தைவானின் ஹூவெய் ஊரில் ஸ்கூட்டர் பட்டறை வைத்திருக்கும் அவருடைய தம்பி குவோ-துங் தெரிவான். அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பக்கத்தில் யாராவது ஒரு விவசாயி நின்று கத்திக்கொண்டிருப்பார். அவர் சொல்வதைக் கேட்டு அக்கா கையால் தம்பிக்குச் சொல்வார், தம்பி கையால் கேட்பதை வாயால் விவசாயிக்குச் சொல்வார். இரண்டு நிமிடத்தில் வண்டிக்கு என்ன கோளாறு என்று தெரிந்துவிடும். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார்.

பத்து வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து இதைப் பார்த்தவன் நான். என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "குண்டா" என்பார். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

அக்கா ஏழு வயதில் ஆரம்பித்த வேலை இது. அப்போது பட்டறை அப்பாவுடையது. பள்ளிக்கூடம் விட்டதும் தம்பியோடு நின்று, வருகிறவர் பேச்சைக் கையால் பெயர்த்துச் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் படிப்பைச் சாக்காக வைத்து வடக்கே இந்த ஜொங்ஹே நகரத்துக்கு வந்தார். "ஓடித்தான்டா வந்தேன் குண்டா," என்று ஒருநாள் ஒத்துக்கொண்டார். பிறகு போனில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்தது, ஹூவெய் அவரைத் தேடிக்கொண்டு ஜொங்ஹேவுக்கே வந்துவிட்டது. நல்ல மனிதர் ஒருவர் அவரைக் கல்யாணத்துக்குக் கேட்டார். பினாங்கில் வேலை. அக்கா மறுத்துவிட்டார். ஏன் என்றேன்.

"பிளைட்டுல அஞ்சு மணி நேரம் உக்காந்திருக்கணும்டா. அந்த நேரத்துல அவன் கூப்பிட்டா யாரு எடுப்பா?"

சாக்கு சொல்கிறார் என்று சிரித்தேன். சாக்கு இல்லை என்று புரிய எனக்கு ரொம்ப நாளாயிற்று.

எங்கள் கம்பெனி, பிறர் பெயர் போட்டு விற்கும் மலிவு டேப்லெட்டுகளைச் செய்கிறது. விற்பனைக்குப் போகுமுன் அவற்றைச் சோதித்து முத்திரை குத்துவது அக்காவின் வேலை. போன வருடம் ஒரு கடைக்காரர் வந்தார். தெருவுக்குத் தெரு இரவும் பகலும் திறந்திருக்கும் கடைகள் அவருடையவை. ஒரு காபிக்கு ஒரு ஸ்டிக்கர், நூற்றிருபது ஸ்டிக்கர் சேர்த்து அட்டையில் ஒட்டினால் பாதிக்கும் குறைவான விலையில் ஒரு டேப்லெட். ஒரே நிபந்தனை: டேப்லெட்டுக்குள்ளேயே செயற்கை நுண்ணறிவு இருக்க வேண்டும். ஒன்றல்ல, எட்டு. படம் வரைய, கடிதம் எழுத, புகைப்படத்தில் பின்னால் நிற்பவரை அழிக்க, இப்படி எட்டு. பெட்டியின் மேல் எட்டுச் சின்னப் படங்களும் முன்கூட்டியே அச்சாகிவிட்டன.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையல் வீடியோ பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் வாங்குகிற பலகைக்கு எதற்கு அறிவு? அதில் இருக்கிற நினைவகம் ஒரு சின்னப் பிள்ளையின் தலை. அதன் மேல் எட்டுக் குடத்தை ஏற்றினால் என்ன ஆகும்? அக்காவும் என் கட்சிதான். எட்டாவதைத் திறக்கும் வரைக்கும்.

எட்டாவது படம் ஒரு காது. எதிரில் பேசுவதைக் கேட்டுத் திரையில் எழுத்தாகப் போடும். போனிலும் இது உண்டுதான், ஆனால் அதற்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் மாண்டரின் சீனம் மட்டும்தான் புரியும். ஹூவெய் கிழவர்கள் பேசும் தைவானிய மொழியில் பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னால், போன் ஏதோ சமையல் குறிப்பு எழுதும். இந்தக் காது அப்படியில்லை. நெட் இல்லாமலே, எங்கள் வீட்டுப் பேச்சைப் பிடித்தது.

அக்கா ஹூவெய் கிழவர் ஒருவரின் குரலில் பேசிப் பார்த்தார். "பின்னாடி பிரேக்கு செத்துப்போச்சு தம்பி, இறக்கத்துல உசுரு போவுது!" எழுத்து ஒன்றுகூடப் பிசகவில்லை. அக்கா திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குண்டா, வாயில சோத்தை வச்சிக்கிட்டுப் பேசு."

பேசினேன். அதையும் எழுதியது.

வெளியே சொல்லக்கூடாது என்று நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அன்று மாலையே அக்கா மாடிப்படிக்குப் போய்த் தம்பியிடம் சொல்லிவிட்டார். விலை உயர்ந்த டேப்லெட் வாங்க அவனுக்கு வக்கில்லை, வாங்கினாலும் அதில் இந்தக் காது கிடையாது. அவன் ஸ்டிக்கர் சேர்க்கத் தொடங்கினான். தெருவே அவனுக்காகக் காபி குடித்தது. வண்டி விட வந்தவர்கள் சட்டைப்பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்துக் கொடுத்தார்கள். அட்டை நிறைய நிறைய அவன் போனில் தூக்கிக் காட்டுவான். அந்த மாதம் அக்கா ஒருநாள் பினாங்கில் மழைக்காலம் எப்போது என்று என்னைக் கேட்டார். நான் கேலி செய்யவில்லை.

பிறகு சோதனையில் அது நடந்தது. எட்டையும் சேர்த்து ஓடவிட்டால் பதினோராவது நிமிடத்தில் டேப்லெட் சூடேறி, ஓடிக்கொண்டிருப்பதை எல்லாம் மூடியது. இருபத்து நாலில் பத்தொன்பது இப்படி விழுந்தன.

"கண்ண மூடிக்கிட்டு விட்டுடுங்கக்கா," என்றேன். "காது கடைக்குப் போயிடும்ல?"

"'முன் பிரேக்கு சரியாயிருக்கு, பின்னாடிதான் போச்சு'ன்னு ஒருத்தர் சொல்றாரு. முதல் பாதி வந்ததும் அணைஞ்சிடுச்சு. அவன் என்ன பண்ணுவான்? வண்டிய அப்படியே குடுத்திடுவான். ஓட்டிட்டுப் போறவர் கதி?"

தோல்வி என்று எழுதினார். கீழே ஒரு யோசனையும் எழுதினார்: காதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஏழையும் எடுத்துவிட்டால் இடம் போதும், சூடும் ஏறாது.

மேனேஜர் லுவோ கூட்டம் போட்டான். அவனை 'அவர்' என்று சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணை வச்சிக்கிட்டு எப்படி ஏஐ டேப்லெட்டுன்னு விக்கிறது? கடைக்காரர் நம்ம மூஞ்சில துப்பமாட்டாரா?"

"மத்த ஏழும் விளையாட்டு மேனேஜர். இது ஒண்ணுதான் ஆளுக்கு உதவும். அதுவும் மலிவா வாங்குறவங்களுக்குத்தான் வேணும்."

"எத்தனை பேருக்கு? உங்க தம்பி ஒருத்தருக்கா?"

அக்கா முகம் சிவந்து உட்கார்ந்தார். மேனேஜர் அவருடைய அறிக்கையையே புரட்டினான். எந்த வசதி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அதில் அக்கா அட்டவணை போட்டிருந்தார், எப்போதும்போல் சுத்தமாக. காது மட்டும் பாதிக்கு மேல் பிடித்திருந்தது.

"அட, இதை எடுத்தா மத்த ஏழும் உக்காந்திரும்போலிருக்கே! நல்லா கண்டுபிடிச்சிருக்கீங்க பெய்-ச்சென்."

பாராட்டுத்தான். அந்த இடத்தில் அவனை அறையவேண்டும்போல் இருந்தது எனக்கு. கை தட்டினார்கள், நானும் தட்டித் தொலைத்தேன்.

காதைக் கழற்றிவிட்டு மூன்று நாள் சோதனை மறுபடி தொடங்கியது. சோதனை ரேக்கின் மேல் வழக்கம்போல் பச்சைப் பொட்டலம், தேங்காய்ச் சுவைச் சோளப்பொரி. எங்கள் ஊரில் எந்த இயந்திரமும் அது மேலே இல்லாமல் ஒழுங்காக ஓடாது என்று நம்பிக்கை. பச்சையாக இருக்க வேண்டும், மஞ்சள் வைத்தால் இயந்திரம் சண்டித்தனம் செய்யும். கெடு தேதி தாண்டக்கூடாது. முக்கியமாக, யாரும் பிரித்துத் தின்னக்கூடாது, தின்றால் இயந்திரம் படுத்துவிடும். பத்து வருடமாக அந்தப் பொட்டலங்களுக்குக் காவல் அக்காதான். ஒருமுறை பசியில் நான் கை வைத்ததற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா நாற்காலியை ரேக்குக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொட்டலத்தை எடுத்தார், பிரித்தார். ஒவ்வொன்றாக வாயில் போட்டு, இருபத்து நாலு திரைகளையும் பார்த்தபடி, கடைசித் தூள் வரை தின்றார். நான் மனதுக்குள் விழு, விழு என்று கெஞ்சினேன். ஒன்று விழுந்தால் போதும், வேறு வழி பேசலாம்.

ஒன்றுகூட விழவில்லை. சாயங்காலம் எல்லாம் பச்சை காட்டின.

பொய் எழுதச் சொல்லியிருந்தால் அக்கா மறுத்திருப்பார், வேலையைக்கூட விட்டிருப்பார். இதில் பொய் எங்கே இருக்கிறது? டேப்லெட் உண்மையாகவே தேறியிருந்தது. முத்திரையை எடுத்துச் சிவப்பு மையில் ஒற்றிக் குத்தினார். விரலில் சோளப்பொரித் தூள் ஒட்டியிருந்தது.

பெட்டிகளை வீணாக்க முடியாதாம். எட்டாவது படத்தின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்ட ஒரு நாள் முழுக்க எங்களை உட்காரவைத்தார்கள். அக்காவும் ஒட்டினார்.

"தம்பிகிட்ட சொல்லித் தொலைங்க," என்று தினமும் சண்டை போட்டேன்.

"கை எழும்ப மாட்டேங்குதுடா," என்றார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் போன் துடித்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. அது நிற்கவும் இல்லை. கடைசியில் போனார். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன்.

திரையில் குவோ-துங், புதுச் சட்டையில். கையில் பெட்டி. டேப்லெட்டைப் பட்டறைச் சுவரில் மாட்டியாகிவிட்டது. பின்னால் சிலர் நின்றார்கள், ஸ்டிக்கர் கொடுத்தவர்களாக இருக்கும். அவன் பெட்டியைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். கிரீஸ் படிந்த நகத்தால் வெள்ளை ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுரண்டி, மெதுவாக உரித்தான். கீழே காது இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினான், தன் காதைத் தொட்டான், சுவரைக் காட்டினான். பிறகு கையை விரித்தான். கைப்பேச்சு தெரியாத எனக்கே புரிந்தது.

அக்காவின் கைகள் மார்பு வரை வந்து நின்றன.

பின்னால் ஒரு பெரியவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, சுவரில் இருந்த டேப்லெட்டைப் பார்த்து எதையோ உரக்கச் சொன்னார். எழுத்து வரவில்லை. இன்னும் பக்கத்தில் போய், இன்னும் உரக்கச் சொன்னார்.

அக்கா தொண்டையைச் செருமினார்.

"மாமா, இந்தப் பக்கம் வாங்க. போன்கிட்ட சொல்லுங்க. நான் கேக்குறேன்."